எட்டு வரி மட்டும் பார்க்கும் டிரைவர்

டிரைவர் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு பஸ் டிரைவர்தான் நினைவுக்கு வருவார். நான் இன்றைக்கு எழுதப் போகிற டிரைவர் வேறு. எக்செல் ஷீட்டில் இருக்கிற ஒரு பட்டியலைப் படித்து, அதை ஒரு வெப்சைட்டின் டேட்டாபேஸுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற சின்ன மென்பொருளுக்கும் டிரைவர் என்றுதான் பெயர். இவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார், காக்கிச் சட்டை கிடையாது, ஹாரன் அடிக்க மாட்டார். ஆனால் நம்மில் பலபேர் இவர் ஓட்டுகிற வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

"இது என்ன கம்ப்யூட்டர் பாடம், நமக்கெதற்கு" என்று மூடிவிடாதீர்கள். நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், குழுக் காப்பீட்டுப் பட்டியல், குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம், பேரன் படிக்கிற காலேஜின் மார்க் லிஸ்ட் என்று எத்தனையோ விஷயங்கள் யாரோ ஒருவர் எக்செல்லில் அடித்து, இன்னொருவர் "அப்லோட்" பொத்தானை அழுத்தி, அப்படித்தான் உள்ளே போகின்றன. அந்த இடத்தில் ஒரு வரி விழுந்துவிட்டால், விழுந்தது ஒரு வரி இல்லை, ஒரு ஆள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "டிரைவர் பதிவாகவில்லை" என்று திரையில் சிவப்பில் கத்துகிற பிழை நல்ல பிழை. அது வேலையை நிறுத்துகிறது. நாலு பேரைக் கூப்பிட வைக்கிறது. அந்தச் சத்தத்தை எப்படியாவது அடக்கிவிட வேண்டும் என்று நம் பிள்ளைகள் படுகிற அவசரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. சத்தம் அடங்கினால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. இது என் முப்பது வருஷத்து கம்ப்யூட்டர் பிரிவு உத்தியோகத்தில் பழகிய விஷயம். சர்வீஸில் இருக்கும்போது சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். இப்போது கேட்க உங்களைப்போல் ஆள் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். மைக்ரோசாஃப்ட் சர்வரில் ஓடுகிற வெப்சைட்டுகளில் எக்செல்லை ஏற்றும்போது அதிகம் வருகிற பிழை இது: "மைக்ரோசாஃப்ட்.ஜெட்.ஓஎல்இடிபி.4.0 என்கிற புரொவைடர் இந்தக் கணினியில் பதிவு செய்யப்படவில்லை." சில இடங்களில் ஜெட்டுக்குப் பதில் "ஏஸ்.ஓஎல்இடிபி.12.0" என்று வரும். இரண்டும் ஒன்றுபோல் தெரியும். வைத்தியம் வேறு வேறு. பையன்கள் இங்கேதான் முதலில் தடுமாறுகிறார்கள்.

ஜெட் என்பது பழைய ஆள். ஆக்சஸ் டேட்டாபேஸுக்கென்று மைக்ரோசாஃப்ட் செய்தது. 2003 வரைக்குமான பழைய எக்ஸ்எல்எஸ் கோப்புகளையும் படிக்கும். விண்டோஸோடு சேர்ந்தே வந்துவிடும், தனியாக நிறுவ வேண்டாம். பிறகு ஏன் "பதிவாகவில்லை" என்கிறது? அது 32 பிட் ஆள். 64 பிட் ஜெட் என்று ஒன்றை மைக்ரோசாஃப்ட் வெளியிடவே இல்லை. வெப்சைட் 64 பிட்டாக ஓடினால் 32 பிட் டிரைவரை அதற்குள் ஏற்ற முடியாது.

இதை நம் ஆட்களுக்குச் சொல்ல ரயிலை விட்டால் வேறு உதாரணம் இல்லை. ஒரு காலத்தில் திருச்சி ஜங்ஷனில் மீட்டர் கேஜும் இருந்தது, பிராட் கேஜும் இருந்தது. இரண்டும் ஒரே ஸ்டேஷன்தான். ஆனால் மீட்டர் கேஜ் பெட்டியை பிராட் கேஜ் தண்டவாளத்தில் ஓட்ட முடியுமா? 1000 மில்லிமீட்டர் எங்கே, 1676 மில்லிமீட்டர் எங்கே! மூட்டை முடிச்சை இறக்கி, பிளாட்பாரம் மாறி, வேறு வண்டியில் ஏற வேண்டியதுதான். பெட்டி "இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது, அதோ நிற்கிறது. இந்தத் தண்டவாளத்துக்கு அது இல்லை, அவ்வளவுதான். கம்ப்யூட்டரும் அதையேதான் சொல்கிறது. ஆனால் "கேஜ் வேறு" என்று சொல்லாமல் "பெட்டியே பதிவாகவில்லை" என்று சொல்லித் தொலைக்கிறது. அந்த வாசகத்தை நம்பி ஜெட்டை இணையத்தில் தேடித் தேடித் திரும்ப நிறுவிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை தரம் நிறுவினாலும் மீட்டர் கேஜ் பெட்டி மீட்டர் கேஜ் பெட்டிதான்.

இந்தத் தொல்லை பரவலானதற்குக் காலமும் ஒரு காரணம். விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 வந்தபோது சர்வர் வகையில் 32 பிட் என்பதையே நிறுத்திவிட்டார்கள். பழைய சர்வரில் வருஷக்கணக்காக ஓடிய சைட்டை அப்படியே புதிய சர்வருக்குக் கொண்டுபோனவர்கள் எல்லாரும் இந்தச் சுவரில் முட்டிக்கொண்டார்கள். வீட்டைக் காலி செய்து போகும்போது பழைய வீட்டு ஆட்டுக்கல் புது வீட்டு வாசலில் நுழையாததுபோல.

ஜெட் கேட்கிற சைட்டுக்கு விரைவான வைத்தியம் ஒன்று உண்டு. ஐஐஎஸ் என்கிற வெப் சர்வரில் ஒவ்வொரு சைட்டும் ஒரு "அப்ளிகேஷன் பூல்" என்ற தொட்டிக்குள் ஓடுகிறது. அந்தத் தொட்டியின் அமைப்புகளில் "32 பிட் அப்ளிகேஷன்களை அனுமதி" என்று ஒரு வரி இருக்கும். அதை "ஆம்" என்று மாற்றினால் அந்தத் தொட்டி முழுக்க 32 பிட்டாக ஓடும், ஜெட்டும் ஓடும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: தொட்டி முழுக்க மாறும். அதே தொட்டியில் 64 பிட்டில் மட்டும் ஓடுகிற வேறு ஏதாவது இருந்தால் அது நின்றுபோகும். அதனால் இந்த ஒரு சைட்டுக்கு மட்டும் தனித் தொட்டி வெட்டிக்கொள்வது நல்லது.

இதில் ஒரு வேடிக்கை. 64 பிட் விண்டோஸில் "சிஸ்டம்32" என்ற ஃபோல்டரில் 64 பிட் சாமான்களும், "சிஸ்வாவ்64" என்ற ஃபோல்டரில் 32 பிட் சாமான்களும் இருக்கும். தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள், உண்மையிலேயே அப்படித்தான். ஆண்கள் பெட்டியில் பெண்கள் போர்டு மாட்டினாற்போல.

அடுத்து ஏஸ். 2007-இல் எக்செல் தன் கோப்பு வடிவத்தையே மாற்றியது. எக்ஸ்எல்எஸ் போய் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வந்தது. இதை ஜெட்டுக்குப் படிக்கத் தெரியாது. கொடுத்தால் "வெளி அட்டவணை எதிர்பார்த்த வடிவத்தில் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடும். அதைப் படிக்க வந்தவர்தான் ஏஸ். இவர் விண்டோஸோடு வரமாட்டார். தனியாக நிறுவ வேண்டும், அதுவும் சைட் எந்த கேஜில் ஓடுகிறதோ அதே கேஜில். 2007-இல் வந்த ஏஸ் 32 பிட் மட்டும்தான். 2010-இல்தான் இரண்டு கேஜிலும் கிடைத்தது. அதே கணினியில் 32 பிட் ஆபீஸ் ஏற்கனவே இருந்தால், 64 பிட் ஏஸை நிறுவ விடாமல் தடுக்கும். ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள் கதை.

"என் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறதே சார், சர்வரில் மட்டும் ஏன் ஓடவில்லை?" என்று இளம் இன்ஜினியர்கள் கேட்கிற கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அவர் கம்ப்யூட்டரில் ஆபீஸ் இருக்கிறது, அதனால் ஏஸும் கூடவே இருக்கிறது. விஷுவல் ஸ்டூடியோ என்கிற அவரது பட்டறை 2022 பதிப்பு வரும்வரை 32 பிட்டாகத்தான் இருந்தது; அதிலிருந்து கிளம்பிய சோதனை சர்வரும் அப்போது வழக்கமாக 32 பிட்தான். ஆக அவர் வீட்டில் பெட்டியும் மீட்டர் கேஜ், தண்டவாளமும் மீட்டர் கேஜ். நிஜ சர்வரில் ஆபீஸ் கிடையாது, தண்டவாளம் பிராட் கேஜ். பொய் சொல்லவில்லை அந்தப் பிள்ளை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இன்னொரு ரகமும் உண்டு. சில வங்கிகளின் சைட்டில் ஸ்டேட்மெண்ட் இறக்கினால் எக்ஸ்எல்எஸ் என்று பெயர் இருக்கும். திறக்கப்போனால் "கோப்பின் வடிவமும் பெயரின் வால்பகுதியும் பொருந்தவில்லை, திறக்கலாமா?" என்று எக்செல் கேட்கும். நாமும் ஆமாம் என்று தட்டிவிட்டுப் போவோம். விஷயம் என்னவென்றால், அது எக்செல்லே இல்லை. வெப் பக்கத்துக்கான அட்டவணையை எழுதி, எக்ஸ்எல்எஸ் என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறார்கள். எக்செல் பெரிய மனது பண்ணிப் படித்துவிடும். டிரைவர் படிக்காது. இதற்கு வைத்தியம் டிரைவரை மாற்றுவது இல்லை. கோப்பைத் திறந்து, "சேவ் ஆஸ்" கொடுத்து, உண்மையான எக்செல் கோப்பாக மாற்றி ஏற்றினால் சரியாகிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் சத்தம்போடுகிற பிழைகள். தேடினால் அரைமணி நேரத்தில் வைத்தியம் கிடைத்துவிடும். வைத்தியம் பார்த்ததும் எல்லாரும் காபி சாப்பிடப் போய்விடுவார்கள். நான் பயப்படுவது அதற்கப்புறம் நடப்பதைப் பற்றி.

எங்களுக்குத் தெரிந்த ஒரு ஓய்வூதியர் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சங்கத்தின் பெயர் வேண்டாம். நானூற்றுச் சொச்சம் உறுப்பினர்கள். வருஷா வருஷம் குழு மருத்துவக் காப்பீட்டுக்கு பிரீமியம் வசூலித்து, பட்டியலை எக்செல்லில் போட்டு, ஒரு மென்பொருள் கம்பெனி செய்துகொடுத்த சைட்டில் ஏற்றுவார்கள். அங்கிருந்து அது காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். ஒரு வருஷம் கம்பெனிக்காரர்கள் சர்வரை மாற்றினார்கள். ஏற்றப்போனால் ஜெட் பதிவாகவில்லை என்று பிழை. கம்பெனியிலிருந்து ஒரு தம்பி உட்கார்ந்து, ஏஸை நிறுவி, நிரலில் இரண்டு வரி மாற்றி, சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிட்டார். "வெற்றிகரமாக ஏற்றப்பட்டது" என்று பச்சையில் வந்தது. செயலாளர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

நாலைந்து மாதம் கழித்து, சங்கத்தில் ஒரு அம்மா, கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர், இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். காப்பீட்டு கவுண்டரில் "உங்கள் பெயரே இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டார்கள். பிரீமியம் கட்டிய ரசீது கையில் இருக்கிறது. பெயர் இல்லை. ஆபரேஷனுக்குக் காத்திருக்க முடியுமா? மகள் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினாள். செயலாளருக்கு போன் பண்ணி அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "அவர் போனதும் என் பேரையும் எடுத்துட்டீங்களா, அண்ணா?"

கம்பெனியைக் கேட்டால், "நீங்கள் கொடுத்த பட்டியல் தப்பாக இருந்திருக்கும்" என்றார்கள். செயலாளர் எக்செல்லைத் திறந்து காட்டினார், பெயர் இருக்கிறது. என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அந்த அம்மா ஒருவர் மட்டும் இல்லை. அறுபது பேர்போல உள்ளே போகவே இல்லை. அத்தனை பேரும் குடும்ப ஓய்வூதியர்கள். அதாவது, கணவரை இழந்த பெண்கள்.

எல்லாரும் புது டிரைவர்மேல் பழியைப் போட்டார்கள். எனக்கும் சந்தேகம் அங்கேதான் போயிற்று. ஆனால் ஏன் அவர்கள் மட்டும்? அந்தச் சங்கத்தில் சாதாரண உறுப்பினருக்கு வெறும் எண், 1047 என்பதுபோல. குடும்ப ஓய்வூதியருக்கு முன்னால் எழுத்து வரும், எஃப்பி 212 என்பதுபோல. அந்த உறுப்பினர் எண் காலத்தில்தான் கோளாறு. சைட்டுக்குள் வந்தபோது எழுத்து உள்ள எண்கள் எல்லாம் வெற்றிடமாக வந்திருக்கின்றன. எண் இல்லாத வரியைச் சேர்க்க வேண்டாம் என்று நிரலில் எழுதியிருக்கிறார்கள். தள்ளியது யாருக்கும் தெரியவில்லை.

ஜெட், ஏஸ் இரண்டுக்கும் ஒரு பழக்கம். எக்செல் ஷீட்டை அவை டேட்டாபேஸ் அட்டவணையாகவே பார்க்கும். டேட்டாபேஸில் ஒரு காலம் என்றால் ஒன்று எண்ணாக இருக்க வேண்டும், இல்லை எழுத்தாக இருக்க வேண்டும். எக்செல்லில் அப்படிக் கட்டாயம் இல்லை. அதனால் டிரைவர் ஊகிக்கும். எப்படி? முதல் எட்டு வரியைப் பார்க்கும். எட்டும் எண் என்றால் "இந்தக் காலம் முழுக்க எண்" என்று தீர்மானித்துவிடும். ஒன்பதாவது வரியிலிருந்து எழுத்து வந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. பிழை சொல்லாது. வெற்றிடம் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. நானூறு பேருக்கு எட்டுப் பேர் பதமா?

"ஐமெக்ஸ்=1" என்று ஒரு குறிப்பு கொடுத்தால் கலப்பட காலத்தை எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று புத்தகத்தில் இருக்கும். அந்த சைட்டின் நிரலிலும் அது இருந்தது. ஆனால் கலப்படம் அந்த முதல் எட்டு வரிக்குள் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். அப்படியானால் போன வருஷம் வரை எப்படிச் சரியாக வந்தது? பழைய பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அது பெயர் வரிசையில் இருந்தது. மூன்றாவது வரியிலேயே ஒரு எஃப்பி எண். அதனால் காலம் முழுக்க எழுத்தாக வந்து எல்லாரும் தப்பித்திருக்கிறார்கள். இந்த வருஷம் வசூல் சரிபார்க்க வசதியாக இருக்கட்டும் என்று யாரோ உறுப்பினர் எண் வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். எக்செல் அடுக்கும்போது எண்களை முதலில் வைக்கும், எழுத்துகளைக் கடைசியில் தள்ளும். அத்தனை பெண்களும் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

சந்தேகம் தீர, அதே பட்டியலைப் பெயர் வரிசையில் அடுக்கி, சோதனைக்கென்று மறுபடி ஏற்றச் சொன்னேன். எல்லாரும் வந்தார்கள். ஆக, புது டிரைவர் மேல் குற்றம் இல்லை. பழைய ஜெட்டிடமும் இதே பழக்கம் இருந்தது. அதற்கு முன் இருந்த வருஷங்களில் சங்கம் பிழைத்தது அகர வரிசையின் தயவில்.

அந்த அம்மாவுக்குப் பணம் பிறகு வந்தது. வளையலை மீட்க நாலு மாதம் ஆயிற்று.

கம்பெனித் தம்பியிடம் கேட்டேன். "தம்பி, அன்றைக்கு ஏஸை நிறுவிய பிறகு, எக்செல்லில் எத்தனை வரி, உள்ளே எத்தனை வரி என்று எண்ணிப் பார்த்தீர்களா?" "இல்லை சார். எரர் போயிடுச்சு, அதனால டிக்கெட்டை மூடிட்டேன்." அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எரரைப் போக்கு என்றுதான் அவரை அனுப்பினார்கள். எண்ணிப் பார் என்று யாரும் சொல்லவில்லை.

இந்த எட்டு வரி விஷயத்துக்கும் வைத்தியங்கள் உண்டு. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் "டைப்கெஸ்ரோஸ்" என்ற இடத்தில் 8 என்று இருக்கும். அதை 0 ஆக்கினால் நிறைய வரிகளைப் பார்த்து ஊகிக்கும். ஆனால் ஜெட்டுக்கு ஒரு இடம், ஏஸுக்கு வேறு இடம். 32 பிட்டுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு ஒன்று. பழைய சர்வரில் யாரோ ஒரு புண்ணியவான் 0 என்று மாற்றிவைத்திருந்தாலும் புதிய சர்வரில் அது மறுபடி 8 ஆகியிருக்கும். டிரைவரை மாற்றுகிற அன்றைக்கு இதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றும்? இன்னொரு தந்திரம், "தலைப்பு வரி இல்லை" என்று டிரைவரிடம் பொய் சொல்வது. அப்போது "உறுப்பினர் எண்" என்ற தலைப்பே முதல் வரியாகக் கணக்கில் வரும். அது எழுத்து, எனவே ஐமெக்ஸோடு சேர்ந்து காலம் முழுக்க எழுத்தாகிவிடும். பலர் இதைத்தான் செய்கிறார்கள். எனக்கும் தெரியும். ஆனால் பொய் சொல்லித்தான் உண்மையை வாங்க வேண்டும் என்கிற ஒரு டிரைவரை எதற்கு வைத்துக்கொண்டிருக்க வேண்டும்?

நான் சொல்வது: வெப்சைட்டுக்கு இந்த டிரைவரே வேண்டாம். இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஏஸ் 2010-ஐ இறக்குகிற பக்கத்தில் மைக்ரோசாஃப்ட்டே எழுதியிருந்தது, இது சர்வரில் பலபேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நிரல்களுக்காகச் செய்தது இல்லை என்று. யார் படித்தார்கள்? இறக்கு, நிறுவு, மூடு.

எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு கோப்பை நகல் எடுத்து, பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே எக்ஸ்எம்எல் என்கிற சாதாரண எழுத்துக் கோப்புகள் இருக்கும். அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்திலேயே இது எண்ணா எழுத்தா என்கிற குறிப்பு இருக்கிறது. ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை! கோப்பே சொல்கிறது. டிரைவர்தான் அதைக் கேட்காமல் எட்டு வரியைப் பார்த்து ஜோசியம் சொல்கிறது. மூட்டையை நேராகப் பிரித்துப் படிக்கிற நூலகங்கள் எத்தனையோ இருக்கின்றன. டாட்நெட்டில் எழுதுகிறவர்களுக்கு க்ளோஸ்டுஎக்ஸ்எம்எல், என்பிஓஐ, எக்செல்டேட்டாரீடர். ஜாவாவுக்கு அப்பாச்சி பிஓஐ. பைத்தானுக்கு ஓபன்பைஎக்செல். பிஎச்பிக்கு பிஎச்பிஸ்ப்ரெட்ஷீட். இவற்றுக்கு ஆபீஸ் வேண்டாம், ஏஸ் வேண்டாம், கேஜ் தகராறும் பெரும்பாலும் இருக்காது. சைட்டோடு சேர்ந்தே போகும். சர்வரை மாற்றினாலும் கூடவே வரும்.

"பத்து வருஷமா ஓடுது, ஏன் சார் கையை வைக்கணும்" என்பார்கள். மாதம் ஒருமுறை ஒரே ஆள் ஏற்றி, அவரே உட்கார்ந்து சரிபார்க்கிற சின்ன ஆபீஸ் என்றால் தொட்டியை 32 பிட்டாக மாற்றிவிட்டு இருங்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனிதர்களின் காப்பீடும் ஓய்வூதியமும் போகிற பாதை என்றால் அந்தச் சமாதானம் செல்லாது.

இன்னொரு கட்சியும் உண்டு. "எக்செல்லே கூடாது, எல்லாரும் வெப்சைட்டிலேயே ஒவ்வொன்றாக அடிக்கட்டும்" என்று. இது ஏசி அறையில் உட்கார்ந்து சொல்கிற பேச்சு. எழுபது வயதுப் பொருளாளர் ஆசையாகக் கற்றுக்கொண்ட ஒரே கருவி எக்செல். அதைப் பிடுங்கிக்கொண்டு, பத்து நிமிஷம் சும்மா இருந்தால் வெளியே தள்ளிவிடுகிற ஒரு சைட்டில் நானூறு பேரை அடிக்கச் சொல்வது நியாயமா?

எக்செல்லுக்கும் குறை உண்டு, மறைக்கவில்லை. 0431 என்று அடித்தால் 431 ஆக்கும். 12 இலக்க ஆதார் எண்ணை அடித்தால் 1.23ஈ+11 என்று சுருக்கிக் காட்டும். 15 இலக்கத்துக்கு மேல் அதற்கு நினைவு நிற்காது; சில வங்கிகளில் இருக்கிற 16 இலக்கக் கணக்கு எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். இப்படி அடிக்கும்போதே போனதை எந்த நூலகமும் மீட்டுத் தராது. அடிப்பதற்கு முன்பே அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்து "டெக்ஸ்ட்" என்று மாற்றிவிட வேண்டும். மரபணு ஆராய்ச்சிக்காரர்கள் பட்ட பாடு தெரியுமா? மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. அலுத்துப்போய் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள், மார்ச்எஃப்1, செப்டின்1 என்று. எக்செல்லைத் திருத்துவதைவிட மனித உடம்பின் பெயர்ப் பட்டியலைத் திருத்துவது சுலபமாக இருந்திருக்கிறது!

இதெல்லாம் சின்னச் சங்கங்களின் கதை என்று நினைத்தால், அதே 2020-இல் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கொரோனா பரவிக்கொண்டிருந்த நேரம். ஆய்வகங்கள் பரிசோதனை முடிவுகளை சாதாரண எழுத்துக் கோப்பாக அனுப்பின. பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு அவற்றை எக்செல்லில் இறக்கி மேலே அனுப்பியது. இறக்கியது பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில். அதில் 65,536 வரிக்கு மேல் இடம் கிடையாது. புதிய வடிவத்தில் 10,48,576 வரி உண்டு. ஒரு ஆளின் முடிவுக்குப் பல வரிகள் ஆனதால் ஒரு கோப்பு சீக்கிரமே நிரம்பிவிட்டது. அதற்கு மேல் வந்தது எல்லாம் விழுந்துவிட்டது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் வரவில்லை. அவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து எச்சரிக்கிற வேலை தாமதமாகிவிட்டது. பணம் இல்லாத நாடா? படித்தவர்கள் இல்லாத நாடா? உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று ஒப்பிடவில்லை.

எனக்குக் கணக்குப் பிரிவில் பாடம் சொல்லிக்கொடுத்த ஹெட் கிளார்க் ஒருவர், பேரேட்டில் பக்கம் திருப்பும்போதெல்லாம் "முன் பக்கத் தொகை கொண்டுவந்தது" என்று எழுதாமல் அடுத்த வரியைத் தொட விடமாட்டார். கம்ப்யூட்டர் வந்ததும் அந்த ஒரு வரியை விட்டுவிட்டோம்.

அடுத்த ஏப்ரலில் அந்தச் சங்கம் மறுபடி பட்டியல் ஏற்ற வேண்டும். கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுத்திருக்கிறேன், செயலாளர் கையெழுத்தோடு போயிருக்கிறது. கேட்டிருப்பது அதிகம் இல்லை. ஏஸை எடுத்துவிட்டு கோப்பை நேராகப் படிக்கிற நூலகத்துக்கு மாறுங்கள். உறுப்பினர் எண், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றி முடித்ததும் "வெற்றி" என்று பச்சையில் காட்டுவதற்குப் பதில், கோப்பில் இத்தனை வரி, சேர்ந்தது இத்தனை, தள்ளியது இத்தனை, தள்ளியவர்களின் பெயர் இவை என்று காட்டுங்கள். ஒரு வரி தள்ளப்பட்டாலும் செயலாளர் பார்த்து "சரி" என்று அழுத்தாமல் பட்டியல் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகக் கூடாது.

அந்தத் தம்பி போன் செய்தார். முதல் இரண்டும் இரண்டு நாள் வேலை என்றார், கடைசி விஷயத்துக்கு மேனேஜரைக் கேட்க வேண்டுமாம். கேட்கட்டும். பதில் வந்ததும் எழுதுகிறேன். உங்கள் சங்கத்திலும் எக்செல்லில்தான் ஏற்றுகிறார்கள் என்றால், போன வருஷம் ஏற்றிய கோப்பின் வரிகளையும் சைட்டில் இருக்கிற பெயர்களையும் ஒருதரம் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டியலின் அடியிலிருந்து ஆரம்பித்தால் சீக்கிரம் தெரியும்.